இசாஞ்ஜோ போகும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

பிரான்சில் இசாஞ்ஜோ ஊர்ப் பள்ளியில் கேக், சாக்லேட், ரொட்டி செய்யும் தொழில் படிக்க உனக்கு விசா வந்துவிட்டதாம், அக்கா சொன்னாள். எனக்கு ரொம்ப சந்தோஷம். உன்னைப் போலவே கிளம்புகிற வேறு பிள்ளைகளும் படிக்கட்டுமே என்று, போனில் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

பாரிஸ் கிடைக்கவில்லை என்று வருத்தப்படாதே. 1895 முதல் இருக்கும் லு கோர்தோன் ப்ளூவும், ஃபெராண்டியும் பாரிஸில் நல்ல பள்ளிகள்தான். ஆனால் இசாஞ்ஜோ கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலே இருக்கும் சின்ன ஊர். பள்ளி ஒரு பழைய மாளிகையில் 1984 முதல் நடக்கிறது. பொழுதைக் கழிக்கப் பெரிதாக ஒன்றும் கிடையாது. கைத்தொழில் கற்க வருகிறவளுக்கு அது நல்லதுதான். கனமான ஸ்வெட்டர் எடுத்துக்கொள்.

நீ சாக்லேட்டில்தான் அதிகம் தடுமாறுவாய். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையும். அதில் ஐந்தாவது வகைதான் பளபளப்பையும், உடைக்கும்போது 'டக்' என்ற சத்தத்தையும் தரும். அதற்காகத்தான் டெம்பரிங். டார்க் கூவெர்த்யூரை, அதாவது கொக்கோ வெண்ணெய் அதிகமுள்ள சாக்லேட்டை, 50–55 டிகிரியில் முழுக்க உருக்கி, சலவைக்கல்லில் பரப்பி வழித்து வழித்து 28–29க்கு இறக்கி, மறுபடி 31–32க்கு ஏற்ற வேண்டும். மில்க், வொயிட் இரண்டுக்கும் இதைவிடக் குறைவான சூடு போதும். வேலை செய்யும் சூட்டைத் தாண்டிப் போய்விட்டால் நல்ல படிகமும் கரைந்துவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். எண்களை மனப்பாடம் செய்யாதே, பிராண்டுக்குப் பிராண்டு மாறும். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள். லபோவை, அதாவது செய்முறைக் கூடத்தை, அங்கே குளிர்ச்சியாகவே வைத்திருப்பார்கள். நாளைக்கு மதுரையில் வெயிலில் நின்று இதே வேலையைச் செய்யும்போது அந்தப் புரிதல்தான் கைகொடுக்கும். கத்தி முனையைத் தோய்த்து வைத்துப் பார், சில நிமிடங்களில் பளபளப்பாக இறுகினால் சரி.

குரோசான் என்கிற அடுக்கடுக்கான வெண்ணெய் ரொட்டியும் சூட்டைக் கவனிக்கிற வேலைதான். மாவும் வெண்ணெயும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். வெண்ணெய் கெட்டியாக இருந்தால் உள்ளே துண்டுதுண்டாக உடையும், இளகினால் மாவோடு கலந்துவிடும். மூன்று முறை மும்மடிப்பு போட்டால் வெண்ணெய் 27 அடுக்காகிறது. பிறகு மாவைப் புளித்துப் பொங்க வைக்கும்போது சூடு 28 டிகிரிக்கு மேல் போனால் அத்தனை அடுக்கும் ஒழுகி வீணாகிவிடும்.

இனி முக்கியமான விஷயம். இப்போதே பிரெஞ்சு படி. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் ஸ்டாஜுக்கு, அதாவது தொழில் பயிற்சிக்கு, போகிற கடையில் விடியற்காலை வேலை ஆரம்பித்துவிட்டால், உனக்காக நின்று ஆங்கிலத்தில் விளக்க யாருக்கும் நேரம் இருக்காது. 'ஷோ!' என்று முதுகுக்குப் பின்னால் குரல் வந்தால் யாரோ சுடச்சுடத் தட்டோடு வருகிறார் என்று அர்த்தம், உடனே விலகத் தெரிய வேண்டும். மாரீஸ் (வழிக்கும் ரப்பர் கரண்டி) எது, கோர்ன் (மாவு சுரண்டும் தகடு) எது என்று தேடிக்கொண்டு நிற்க முடியாது. பேச்சு புரிகிற பிள்ளையை டெம்பரிங் மேசையில் நிறுத்துவார்கள். புரியாத பிள்ளை ஸ்ட்ராபெரிக்குக் காம்பு கிள்ளிக்கொண்டே மாதங்களைக் கழித்துவிடும். திறமையான பிள்ளைகள் அப்படி வீணாவதைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். கட்டிய பணத்துக்கு உண்மையான பலன் ஸ்டாஜில்தான் இருக்கிறது.

ஸ்டாஜ் தொடங்கும் முன் நீ, பள்ளி, கடை மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கையில் இருக்கட்டும். இரண்டு மாதத்துக்கு மேல் போனால் உதவித்தொகை தர வேண்டும் என்பது சட்டம். கேட்கக் கூச்சப்படாதே. மாணவர் விசாவில் ஆண்டுக்கு 964 மணி நேரம் சம்பள வேலை பார்க்கலாம்தான். ஆனால் அதை நம்பிக் கடன் கணக்குப் போட வேண்டாம் என்று அக்காவிடம் சொல். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டு வருகிறவளுக்கு வேறு வேலைக்குத் தெம்பு இருக்காது.

நீ முட்டை சாப்பிடுவாய், கறி தொடமாட்டாய். மூஸ் என்கிற நுரை போன்ற இனிப்பிலும் கேக்கின் கண்ணாடி போன்ற மேல்பூச்சிலும் ஜெலட்டின் இருக்கும், பிரான்சில் அது பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுப்பது. முதல் வாரமே ஆசிரியரிடம் சொல்லிவிடு. ஆனால் ருசி பார்க்காமல் இந்தத் தொழில் இல்லை. எதை நாக்கில் வைப்பாய், எதை வைக்கமாட்டாய் என்று இப்போதே முடிவு செய்துகொள்.

அவர்கள் தொழிலில் நமக்கு என்ன இடம் என்று ஒரு நாள் உனக்குத் தோன்றும். 2023இல் பாரிஸின் சிறந்த பாகெட் (நீளமான பிரெஞ்சு ரொட்டி) போட்டியில் ஜெயித்தவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. அந்தப் பரிசு வாங்கியவரின் ரொட்டி ஓராண்டு அதிபர் மாளிகைக்குப் போகும். உனக்கும் அங்கே இடம் இருக்கிறது, பாப்பா.

போனதும் படம் அனுப்பு. அலங்கரித்த கேக் படம் எனக்கு வேண்டாம். குரோசானைக் குறுக்கே வெட்டி உள்பக்கத்தை எடுத்து அனுப்பு. அடுக்கைப் பார்த்து என்ன தவறு என்று சொல்கிறேன்.

அன்புடன்,
சித்தி