வருமானம் எவ்வளவுன்னு ஒரு கேள்வி கேளுங்கய்யா: செக் கேஸ் விசாரிக்கிற மாஜிஸ்திரேட்டுகளுக்கு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

செக் பவுன்ஸ் ஆனா போடுற 138 கேஸ் பத்தி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒண்ணுமில்ல, தினமும் கட்டுக்கட்டா பாக்குறீங்க. 2018ல அதே சட்டத்துல 143ஏ-ன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்களே, நான் எழுதுறது அதப்பத்தி மட்டும்தான். "நான் குத்தம் பண்ணல"ன்னு எதிரி, அதாவது செக் குடுத்து கேஸ்ல மாட்டுனவர், சொன்ன உடனே செக் தொகையில 20 சதவீதம் வரைக்கும் இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்லலாம், 60 நாள் டைம், காரணம் சொன்னா இன்னும் 30 நாள். தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே இழப்பீடு.

எங்கண்ணன் பனியன் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் பண்ணவர், நாலு ஓவர்லாக் மெஷின் வெச்சிருந்தார். ஃபைனான்ஸ்ல ஒன்றரை லட்சம் வாங்கும்போது வெறும் கையெழுத்து போட்டு ஒரு செக் குடுத்தார், வட்டிக்கு வாங்குறவங்க யார்தான் குடுக்கல? அதுல 6 லட்சம்னு எழுதி பேங்க்ல போட்டுட்டாங்க. கோர்ட்ல 1,20,000 டெபாசிட் பண்ணச் சொன்னாங்க. மூணு மெஷின வித்தும் பாதி கூட தேறல.

ஃபைனான்ஸ்காரர கிராஸ், அதாவது குறுக்கு விசாரணை, பண்ற அன்னிக்கு எங்க வக்கீல் எந்திரிச்சார். கையில வட்டி நோட்டு ஜெராக்ஸ், கட்டுன மாசத்துக்கெல்லாம் ஃபைனான்ஸ்காரரே பச்சை இங்க்ல டிக் போட்டது. "டெபாசிட் ஆச்சா?"ன்னு மாஜிஸ்திரேட் கேட்டார். "கொஞ்சம் டைம் வேணும்ங்கய்யா." "அப்ப கிராஸ் இல்ல, குளோஸ்." ரெண்டு நிமிஷம் கூட ஆகல. ஃபைனான்ஸ்காரர் கூண்டுல இருந்து இறங்கி போயிட்டார், எங்கண்ணன் அந்த ஜெராக்ஸ நாலா மடிச்சு மஞ்சப்பையில வெச்சுக்கிட்டார்.

139வது பிரிவுப்படி கடன் இருக்குன்னு சட்டமே நினைச்சுக்குது, இல்லன்னு காட்ட வேண்டியது நாங்க, அதுக்கு எங்ககிட்ட இருக்குற பெரிய வழி குறுக்கு விசாரணை. அதையும் காசு கட்டுனாத்தான்னா, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காவல்னு சொல்ற அரசியல் சட்டத்தோட 21வது பிரிவு யாருக்குங்க? 2022ல நூர் முகமது வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, டெபாசிட் கட்டலன்னா அபராதம் வசூலிக்கிற மாதிரி வசூல் பண்ணிக்கோங்க, கிராஸ் பண்ற உரிமைய எடுக்காதீங்கன்னு. 2024 மார்ச்ல ராகேஷ் ரஞ்சன் ஸ்ரீவஸ்தவா வழக்குல இந்த இழப்பீடு கட்டாயமே இல்ல, எதிரி பக்கம் நியாயம் இருக்கா, பணக்கஷ்டத்துல இருக்காரான்னு பாத்துட்டுதான் உத்தரவு போடணும்னு சொன்னாங்க. எங்க உத்தரவுல இருந்தது மொத்தம் நாலு வரி, அதுல வருமானம்ங்கற வார்த்தையே இல்ல.

அதனால கேக்குறது இதுதான், டெபாசிட் சொல்றதுக்கு முன்னாடி வருமானத்தக் கேளுங்க.

சரி, தோத்துட்டு அப்பீல் போலாம்னா அங்க 148வது பிரிவு உக்காந்திருக்கு, கோர்ட் போட்ட அபராதத்துலயோ இழப்பீட்டுலயோ குறைஞ்சது இன்னொரு 20 சதவீதம். விதிவிலக்கு உண்டுன்னு 2023ல ஜம்பூ பண்டாரி வழக்குல சொல்லியாச்சு, ஆனா அத எடுத்துச் சொல்ற வக்கீலுக்கும் ஃபீஸ் வேணுமே. கோடில வாங்கினவங்க ஃபிளைட் ஏறி போயிட்டாங்க, இங்க ஒன்றரை லட்சம் வாங்கினவன் பத்து மணில இருந்து வராண்டால நிக்கிறான், உக்கார பெஞ்ச் கூட இல்ல, பேர் கூப்பிடும்போது பாத்ரூம் போயிருந்தா வாரண்ட். கடன் கட்ட முடியாத ஏழைய உள்ள தள்ளக்கூடாதுன்னு 1980லயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். அது சிவில் கேஸ்தானேன்னு நீங்க சொல்லலாம். உள்ள போறவனுக்கு சிவில் என்ன கிரிமினல் என்ன.

கோவத்துல கொஞ்சம் அதிகமா பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்க. பணம் குடுத்து ஏமாந்தவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு வாங்கிக் குடுக்க வேண்டாம்னு சொல்லல. முடிஞ்சவங்ககிட்ட வாங்குங்க, முடியாதவங்களுக்கு தொகைய குறைச்சு போடுங்க, எப்படி இருந்தாலும் கிராஸ மட்டும் நிறுத்தாதீங்க.

அந்த சாட்சிய திரும்பக் கூப்பிடச் சொல்லி மனு போட்டிருக்கோம், அடுத்த வாய்தா 17ஆம் தேதி. அன்னிக்காவது தயவுசெஞ்சு அந்த ஜெராக்ஸ வாங்கிப் பாருங்க, மஞ்சப்பையிலயே இருக்கு.

இப்படிக்கு,
வராண்டால நிக்கிற ஒருத்தரோட தம்பி