மேகோமின் நல்லவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். 1960இல் வெளிவந்து, மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்று, 1962இல் கிரிகரி பெக் நடிப்பில் திரைப்படமாகவும் வந்த அந்நாவலைத் தமிழ் வாசகர்களுக்கு இத்தனை பக்கம் ஒதுக்கி அறிமுகப்படுத்தியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையாளர் அதை வழக்கறிஞர் ஆட்டிகஸ் ஃபின்ச்சின் வீரக்கதையாகவும், தன் மகளைக் கறுப்பினத்தவரான டாம் ராபின்சன் கெடுத்துவிட்டார் என்று பாப் யூவெல் என்ற ஒரு வெள்ளைக்காரக் கயவன் சொன்ன பொய்யால் நேர்ந்த அநீதியாகவும் சுருக்கிவிட்டார். அப்படிச் சுருக்கும்போது ஸ்கவுட், ஜெம் என்னும் ஆட்டிகஸின் இரண்டு குழந்தைகள் அந்த வழக்கில் எதைப் பறிகொடுத்தார்கள் என்பதே விடுபட்டுப்போகிறது. அதை எடுத்துச் சொல்லத்தான் இக்கடிதம்.

யூவெல், நாவல் நடக்கும் மேகோம் ஊரில் யாரும் மதிக்காத ஆள். அவன் பேச்சை நம்பவேண்டிய அவசியம் அந்த ஊரில் ஒருவருக்கும் இல்லை. அவனுடைய மகள் மாயெல்லாவின் முகத்தில் அடிபட்ட காயம் பெரும்பாலும் வலப்பக்கத்தில் இருக்கிறது. ஆட்டிகஸ் வாதாடிக் காக்க முயலும் டாம் ராபின்சனின் இடக்கையோ, அவர் சிறுவயதில் பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கிக் கொண்டதால் எதற்கும் பயன்படாமல் தொங்குகிறது. யூவெல் இடக்கைப் பழக்கமுள்ளவன் என்பது, அவன் சாட்சிக் கூண்டிலேயே ஓர் உறையின் மேல் தன் பெயரை எழுதிக் காட்டும்போது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. மாயெல்லாவைப் பரிசோதிக்க மருத்துவரைக்கூட யாரும் அழைத்திருக்கவில்லை. மாடத்தில் கறுப்பின மக்களோடு அமர்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் ஜெம், வழக்கில் வென்றுவிட்டோம் என்றே உறுதியாக நம்புகிறான். டாம் குற்றவாளி என்று ஊர்க்காரர்களான ஜூரிகள் சொல்லும் தீர்ப்பு அந்த நம்பிக்கையை நொறுக்குகிறது. அவர்கள் யூவெலைப் போன்ற போக்கிரிகள் அல்ல. பாடுபட்டுப் பிழைக்கும் சாதாரணக் குடியானவர்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஜெம் அழுவது தந்தை தோற்றார் என்பதற்காக மட்டுமல்ல. உலகத்திலேயே நல்ல மனிதர்கள் தன் ஊர்க்காரர்கள்தாம் என்று அவன் அதுவரை எண்ணியிருந்தான். அது பொய்த்துப்போனது என்பதற்காக.

கட்டுரையாளர் ஒரு வரிகூடச் சொல்லாத பகுதி ஒன்று உண்டு. என்னைப் பொறுத்தவரை நாவலின் உயிர்நாடி அதுதான். ஸ்கவுட்டின் வகுப்பாசிரியை மிஸ் கேட்ஸ், ஹிட்லர் யூதர்களை வதைப்பதைப் பற்றிய பாடத்தில் கரும்பலகையில் ஜனநாயகம் என்று எழுதி, இந்த நாட்டில் நாம் யாரையும் துன்புறுத்துவதில்லை என்று மனம் உருகிச் சொல்கிறார். அவர் நடிக்கவில்லை, யூதர்களுக்காக அவர் உண்மையாகவே வருந்துகிறார். ஆனால் தீர்ப்பு வந்த இரவில், நீதிமன்றப் படிகளில் இறங்கும்போது, கறுப்பர்களுக்கு இப்படி ஒரு பாடம் தேவைதான், அவர்கள் மிகவும் தலையெடுத்துவிட்டார்கள் என்ற பொருளில் அதே ஆசிரியை பேசிக்கொண்டு போனதை ஸ்கவுட் காதால் கேட்டிருக்கிறாள். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருக்க முடியும் என்று அவள் தன் அண்ணனிடம் கேட்கிறாள். ஜெம் பதில் சொல்லவில்லை. அவளைப் பிடித்து உலுக்கி, அந்த நீதிமன்றத்தைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று கத்துகிறான். கேள்வி கேட்கும் வயதில் தங்கை இருக்கிறாள். விடை தெரிந்துவிட்டதால் கேள்வியையே தாங்க முடியாத வயதுக்கு அண்ணன் வந்துவிட்டான். களங்கமின்மை கழன்றுபோவதை இவ்வளவு நெருக்கத்தில் நின்று காட்டிய காட்சிகளை நான் அதிகம் படித்ததில்லை.

இதே வகையில் இன்னொரு பிற்பகலும் வருகிறது. அத்தை அலெக்சாண்ட்ராவின் அழைப்பில் ஸ்கவுட்டின் வீட்டில் கூடும் மிஷன் சங்கப் பெண்கள், தொலைதூரத்திலுள்ள முரூனா என்னும் பழங்குடியினரின் துயரத்தைக் கேட்டுக் கண்கலங்குகிறார்கள். அதே மூச்சில் ஓர் அம்மாள், தீர்ப்புக்குப் பிறகு தம் வீட்டு வேலைக்காரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிவதாகவும், இயேசு ஒருநாளும் இப்படி முணுமுணுத்ததில்லை என்று அவளுக்குப் புத்தி சொன்னதாகவும் கூறுகிறார். அந்த நேரத்தில்தான் ஆட்டிகஸ் உள்ளே வந்து, சிறையிலிருந்து தப்ப முயன்ற டாமின் உடலில் பதினேழு குண்டுகள் பாய்ந்திருக்கின்றன என்ற செய்தியைச் சமையலறையில் சொல்கிறார். கறுப்பினப் பணிப்பெண் கல்பூர்னியா அவரோடு புறப்பட, ஸ்கவுட் பலகாரத் தட்டை ஏந்திக்கொண்டு மறுபடி அந்தப் பெண்களிடம் போய் உபசரிக்கிறாள். தப்பெண்ணத்தை யூவெல் ஒருவன் தலையில் கட்டிவிட்டு, பாசமும் பக்தியும் நிறைந்த இந்தக் கூடத்தைக் கவனிக்காமல் கடந்து போவது நாவலுக்குச் செய்யும் நியாயமாகாது.

மேகோம் கற்பனை ஊர்தான். ஆனால் அதன் மண் உண்மையானது. அலபாமா மாநிலத்தில் 1931இல் ஸ்காட்ஸ்பரோ வழக்கில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மீது இரண்டு வெள்ளைப் பெண்களைக் கெடுத்ததாகப் பொய்க்குற்றம் சுமத்தப்பட்டு, சில வாரங்களுக்குள் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கறுப்பினத்தவர் ஜூரிகளாக வரமுடியாதபடி திட்டமிட்டு விலக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டி அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்வழக்கின் ஒரு தண்டனையை ரத்து செய்தது 1935இல். நாவலில் டாமின் விசாரணை நடப்பதும் அதே ஆண்டுக் கோடையில்தான். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஹார்ப்பர் லீ பிறந்து வளர்ந்த மன்ரோவில்லில் 1986இல் நடந்த ஒரு கொலைக்காக வால்டர் மக்மில்லியன் என்ற கறுப்பினத்தவர் பொய்ச் சாட்சியத்தின் பேரில் மரண தண்டனைக் கைதியாக்கப்பட்டு, வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சனின் இடைவிடாத முயற்சியால் 1993இல்தான் விடுதலையானார். நாவலால் பெருமை கொள்ளும் ஊரிலேயே இது நடந்தது. புத்தகத்தை நேசிப்பதும் அதன் நாயகனைப் போற்றுவதும் ஒருவரையும் காப்பாற்றிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நாவலின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டாமின் சாவுச் செய்தியைச் சொல்ல ஆட்டிகஸ் அவர் வீட்டுக்குப் போகும்போது, வாசலில் ஒரு சிறுமி வந்து நிற்கிறாள். தலையெல்லாம் குட்டிக் குட்டிப் பின்னல்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் பளிச்சென்ற ரிப்பன். படியிறங்கத் தெரியாத அந்தக் குழந்தைக்கு ஆட்டிகஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு விரலை நீட்ட, அவள் அதைப் பற்றிக்கொண்டு சிரித்தபடி இறங்குகிறாள். இதையும் டில் என்ற சிறுவன் பார்த்துச் சொல்லித்தான் நாம் அறிகிறோம். அவளுடைய பெயர் நமக்குச் சொல்லப்படவில்லை. தந்தை எப்படிச் செத்தார் என்று என்றைக்கு அறிந்தாள், அறிந்தபோது அவளுக்குள் என்ன ஆயிற்று என்பதற்கு நாவலில் இடமே இல்லை. நிறவெறி என்றால் என்ன என்று ஸ்கவுட் எட்டொன்பது வயதில் நீதிமன்ற மாடத்தில் உட்கார்ந்து தெரிந்துகொள்கிறாள். கறுப்பினக் குழந்தைகளுக்கோ அந்தக் கால அவகாசம்கூட வாய்க்கவில்லை.

அந்த இன்னொரு பக்கத்தை எழுதியவர் மில்ட்ரெட் டெய்லர். 1976இல் வெளிவந்து மறு ஆண்டு சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்ற அவருடைய 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' நாவலும் 1930களில்தான், பக்கத்து மாநிலமான மிசிசிப்பியில் நடக்கிறது. கதையைச் சொல்பவள் காசி லோகன் என்ற ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுமி. பள்ளியில் சேர்ந்த முதல் நாளிலேயே அவளுடைய ஆறு வயதுத் தம்பி, தனக்குக் கிடைத்த அழுக்குப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒரு பட்டியலைப் படிக்கிறான். வெள்ளை மாணவர்கள் வருடக்கணக்கில் உபயோகித்து, நிலைமை 'மிக மோசம்' என்று குறிக்கப்பட்ட பிறகே அது கறுப்பின மாணவருக்கு வந்திருக்கிறது. அவனது இனத்தை இழிவுபடுத்தும் சொல் ஒன்றும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்ததே அவனுக்குத் தண்டனையாகிவிடுகிறது. புத்தகத்தைத் தரையில் வீசி மிதிக்கிறான். அதற்காகப் பிரம்படியும் வாங்குகிறான்.

லீயின் நாவலைப் பள்ளிகளிலிருந்து அகற்றவேண்டும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. 1966இல் வர்ஜீனியாவின் ஹனோவர் பகுதிப் பள்ளிக் குழு அதை ஒழுக்கக்கேடானது என்று விலக்கியபோது, லீயே ரிச்மண்ட் நாளிதழ் ஒன்றுக்கு ஆசிரியர் கடிதம் எழுதி வன்மையாகக் கண்டித்தார். 2017இல் மிசிசிப்பியின் பிலாக்சியில் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்தபோது, அதன் மொழி சிலருக்குச் சங்கடம் தருகிறது என்று காரணம் சொன்னார்கள். சங்கடப்படாமல் படித்து முடிக்க அந்த நாவலில் என்ன இருக்கிறது?

தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இத்தொடரின் அடுத்த கட்டுரையாக மில்ட்ரெட் டெய்லரின் நாவலை அறிமுகப்படுத்துங்கள். சென்ற இதழைப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு லீயை வாங்கித் தரும் பெற்றோரும் ஆசிரியர்களும் இதையும் சேர்த்து வாங்கித் தரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி