ஹாலோவீன் உடுப்பு: அம்மணிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள அம்மணிக்கு,

மாறுவேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீனுக்கு 2000-களின் உடுப்பில் போகப்போவதாகச் சொன்னாய். கடையில் ரெடிமேடாகத் தொங்கும் செட்டை மட்டும் வாங்காதே. பளபளத் துணி, பட்டாம்பூச்சி கிளிப், கலர் கண்ணாடி எல்லாம் அதில் இருக்கும்; அளவு மட்டும் இன்றைய அளவாக இருக்கும். அந்தக் காலத்தைக் காட்டிக் கொடுப்பதே அளவுதான், கண்ணு.

அப்போது நான் திருப்பூரில் மெர்ச்சண்டைசர்; பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே நின்று ஆர்டரைப் பார்த்துக்கொள்கிறவன். அமெரிக்க பையர் அனுப்பும் அளவுத்தாளில் பெண்கள் டி-ஷர்ட்டின் நீளம் சீசனுக்கு சீசன் குறைந்துகொண்டே வரும். இழுபடும் லைக்ரா நூல் கலந்த, வரிவரியான ரிப் துணி, ஒட்டிய தோள், தொப்புளுக்கு மேலேயே நின்றுவிடும் ஓரம். "சின்னப் பிள்ளைகள் ஆர்டரா சார்?" என்று கட்டிங் மாஸ்டர் கேட்பார். ஜீன்ஸின் இடுப்பு கீழே இறங்க இறங்க, சட்டை மேலே ஏறிய காலம் அது. அதனால் பழைய துணிக்கடைக்குப் போனால் லேபிளை நம்பாதே, டேப்பைப் பிடி. கவட்டுத் தையலிலிருந்து இடுப்புப் பட்டி வரை முன்பக்கம் 7, 8 இன்ச் இருந்தால் எடு. 10, 11 இருந்தால் வைத்துவிட்டு வா.

ஜோடியாகப் போவதென்றால் டெனிம் இருக்கிறது. 2001 ஜனவரியில் அமெரிக்கன் மியூசிக் அவார்ட்ஸுக்கு அப்போது காதலர்களாக இருந்த பாப் பாடகர்கள் பிரிட்னி ஸ்பியர்ஸும் ஜஸ்டின் டிம்பர்லேக்கும் முழுக்க டெனிமில் வந்தார்கள். பிரிட்னியின் கவுன் தரை வரைக்கும் ஒட்டுத்துணி. வெளுத்ததும் வெளுக்காததுமாகப் பழைய ஜீன்ஸ்களின் உள்தொடைத் தையலைப் பிரித்தால் துண்டுகள் கிடைத்துவிடும். ஆனால் டெனிம் கனம். தோள்பட்டி இல்லாமல் தைத்தால் நழுவும். உள்ளே இறுக்கமான லைனிங் போட்டு, அதன்மேல் துண்டுகளை வைத்துத் தை.

குளிருக்குப் பயந்தால் ஜூசி கூட்டூர் என்ற அமெரிக்க பிராண்டின் பாணியில், வெல்வெட் மாதிரி இருக்கும் வெலோர் துணி ட்ராக்சூட் போதும்.

என்னைக் கேட்டால், அறைத்தோழிகள் இருவரையும் சேர்த்துக்கொண்டு, கறுப்பினப் பெண்களின் பாடல் குழுவான டெஸ்டினிஸ் சைல்டாகப் போங்கள். பெரிய பிராண்டுகள் தங்களுக்கு உடை கொடுக்க முன்வரவில்லை என்று அந்தக் குழுவில் பாடிய பியான்சே 2016-இல் ஒரு விருது மேடையில் சொன்னார். அவருடைய அம்மா டீனா நோல்ஸ்தான் அந்தப் பெண்களுக்கு உடை வடிவமைத்துத் தைத்தவர். துணி ஒன்றாக இருக்கும், வெட்டு ஒவ்வொருத்திக்கும் வேறாக இருக்கும்: ஒருத்திக்குப் பாவாடை, ஒருத்திக்கு பேண்ட், ஒருத்திக்கு ஒரு தோள் மட்டும். அவரவர் உடம்பைப் பார்த்து வெட்டிய அந்தக் கைக்கு நான் தலைவணங்குகிறேன். ஒன்று மட்டும் கவனம்: முகத்தில் கறுப்பு பூசக் கூடாது. அப்படிப் பூசிக்கொண்டு கறுப்பின மக்களை மேடையில் கேலி செய்த வரலாறு அமெரிக்காவுக்கு உண்டு.

மூன்று பேரின் மார்பு, இடுப்பு, சீட் (பின்புறச் சுற்றளவு), உயர அளவுகளை இந்த வாரமே அனுப்பு. காகிதத்தில் பேட்டர்ன் வெட்டி கூரியரில் போடுகிறேன். துணியை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அப்பா