குரல் கொடுத்தவர்களுக்கும் ஒரு விருது

தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் தேசியத் திரைப்பட விருதுகளை நடத்தும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

2025 ஆகஸ்டில் 71-ஆவது விருதுகளை அறிவித்தீர்கள். ‘பார்க்கிங்’ படத்தில் இளம்பருதியாக நடித்த எம்.எஸ். பாஸ்கர் சிறந்த துணை நடிகர். செய்தியைச் சத்தமாக வாசித்தேன். அடுப்படியிலிருந்து அம்மா, "யாரு, நம்ம பட்டாபியா?" என்றார்.

எங்கள் வீட்டில் அவர் இன்னும் பட்டாபிதான். சன் டிவியில் அவர் பட்டாபியாக வந்த ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ தொடர் ஓடிய நாட்களில் அம்மா அதைப் பார்த்ததைவிடக் கேட்டதே அதிகம். கையில் தோசைக் கரண்டி, காது மட்டும் கூடத்தில். பட்டாபி வாயைத் திறந்தால் போதும், அங்கிருந்தே சிரிப்பார். ‘மொழி’ படத்தில், மகன் இறந்த 1984-லேயே மனம் நின்றுபோன பேராசிரியராக அவர் அழுதபோது, அதே அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த விருதுக்கு மனமார்ந்த நன்றி. ஆனால் அவர் உழைப்பில் ஒரு பெரும்பகுதிக்கு உங்கள் பட்டியலில் இடமே இல்லை. முகம் தெரிவதற்கு முன்பிருந்தே அவர் டப்பிங் கலைஞர். அக்கா ஹேமமாலினிக்கும் அதே தொழில், மகள் ஐஸ்வர்யாவுக்கும் அதே தொழில்.

அந்த வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இருட்டு அறை, எதிரே திரை, காதில் ஹெட்போன். தெலுங்கில் பேசுபவரின் வாய் ‘ப’வுக்கோ ‘ம’வுக்கோ மூடுகிற இடத்தில் தமிழிலும் உதடு ஒட்டுகிற எழுத்து விழ வேண்டும். விழவில்லையா, வசனத்தை அங்கேயே மாற்ற வேண்டும். திரையில் இருப்பவர் ஓடிவந்து மூச்சு வாங்கினால், மைக்கை விட்டு அசையாமல் இவரும் மூச்சு வாங்க வேண்டும். இது நடிப்பு இல்லையென்றால் வேறு எது நடிப்பு?

1993-இல் வந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ மலையாளப் படத்துக்காக ஷோபனாவுக்குச் சிறந்த நடிகை விருது கொடுத்தீர்கள். அதில் அவர் நடித்த கங்கா பேசியது டப்பிங் கலைஞர் பாக்கியலட்சுமியின் குரலில். அதே கங்கா தன்னை மறந்து நாகவல்லி என்ற நடனக்காரியாக மாறித் தமிழில் சீறும்போது குரல் கொடுத்தவர் துர்கா என்ற தமிழ்க் கலைஞர். இரண்டுமே பாக்கியலட்சுமியின் குரல் என்றுதான் ஊரே நம்பியது. இயக்குநர் ஃபாசில் உண்மையைச் சொன்னது 2016-இல். ஒரு பெயர் வெளியே வர 23 ஆண்டு! ஷோபனாவின் கண்ணும் நடனமும் பெற்ற விருதில் அந்தக் குரலுக்குப் பங்கே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

கதாநாயகிக்காகப் பாடுபவருக்கு மட்டும் நீங்கள் எப்போதோ இடம் கொடுத்துவிட்டீர்கள். ‘உயர்ந்த மனிதன்’ பாடலுக்காக பி. சுசீலா சிறந்த பின்னணிப் பாடகி விருது வாங்கியது 1968-ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதுகளில். ஐந்து நிமிடம் பாடியவருக்கு மேடை உண்டு, படம் முழுக்கப் பேசியவருக்கு இல்லை. இது என்ன நியாயம்? தமிழ்நாடும் கேரளமும் தங்கள் மாநில விருதுகளில் டப்பிங் கலைஞர்களைச் சேர்த்து வெகுகாலம் ஆகிறது.

நான் கேட்பது இரண்டே விஷயம். ஆண் ஒருவருக்கும் பெண் ஒருவருக்கும் சிறந்த குரல் நடிப்புக்கான விருது ஏற்படுத்துங்கள். அப்புறம், விருதுக்குப் படம் அனுப்பும் தயாரிப்பாளர், முக்கியப் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் குரல் கொடுத்தவர் யார் என்று படிவத்தில் எழுதியே ஆக வேண்டும் என்று விதி செய்யுங்கள். எழுதினால்தான் பெயர் தங்கும்.

ஞாயிறு மதியம் டிவியில் ஏதாவது டப்பிங் படம் ஓடும். அம்மா அடுப்படியிலிருந்து, "இது யாரு குரல்? எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே" என்பார். அவருக்குச் சொல்வதற்காக எத்தனையோ முறை கடைசி எழுத்து ஓடும்வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பெயர் வந்ததில்லை.