மதிப்பெண் பதாகைகளும் வீட்டு விசாரணைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-ஆம் ஆண்டிலேயே கைவிட்டது. ஆனால், முடிவு வெளியான மறுநாளே காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் மாணவர்களின் படமும் மதிப்பெண்ணும் அச்சிட்ட பதாகைகள் சாலையோரம் எழுந்துவிடுகின்றன.

சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்த என் பேத்தி, அந்தப் பதாகைகள் நிற்கும் தெருவைத் தவிர்த்து, ரயில் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு தட்டச்சு வகுப்புக்குப் போனாள். அவள் எடுத்தது 412. குறைவென்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்த உறவினர்களோ காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே அதைத்தான் கேட்டார்கள் (முதலில் கேட்டவன் நான்தான் என்பதை மறைப்பதற்கில்லை). தாய் காய்ச்சலில் படுத்திருந்த நான்கு நாளும் அவள் விடியற்காலையில் எழுந்து தண்ணீர் பிடித்து, தம்பிக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிவைத்ததைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.

குழந்தைகளுக்கு மன உளைச்சல் தருவதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளிக்குள் தடை செய்கிறது. வீட்டுக் கூடத்தில் நாம் நடத்தும் விசாரணையைத் தடுக்க எந்தச் சட்டம் வரும்?

வரும் தேர்வு முடிவுகளுக்கு முன்பாவது இத்தகைய பதாகைகளுக்கு மாநகராட்சி அனுமதி மறுக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனை எண் 14416 ஆகியவற்றைப் பள்ளிகள் மதிப்பெண் பட்டியலுக்கு அருகிலேயே எழுதி ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா,
காட்பாடி, வேலூர்.