தாத்தாவின் குடை

மாட்டுங்கா, மும்பை
20.6.2025

அன்புள்ள கோமு,

உன் கடிதத்துக்குப் பதில் போட மூன்று வாரமாகிவிட்டது. முழங்கால் வலி. போதாததற்கு மே 26-க்கே மழை வந்து, மொட்டை மாடியில் காயப்போட்ட வடாமெல்லாம் கூழாகிவிட்டது. ஆனால் நிஜக் காரணம் வேறு.

போன மாதம் 7-ம் தேதி போர் ஒத்திகை என்று டிவியில் ஒரே பேச்சாக இருந்ததே, அன்றைக்குப் பேத்தி கேட்டாள்: "பிளாக் அவுட்னா நிஜமாவே எல்லா லைட்டையும் அணைச்சிடுவாளா பாட்டி?" 1971 டிசம்பரைச் சொல்ல ஆரம்பித்தேன். நீயும் நானும் மைதாப் பசை காய்ச்சி ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினோமே, அதை. பேச்சுவாக்கில், உன்னிடம்கூட இத்தனை நாள் சொல்லாததையும் அவளிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

எங்கள் தாத்தா 1944 ஏப்ரல் 14 பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் போனவர் என்றுதான் உனக்கும் தெரியும். ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பல். ஏறக்குறைய 1,400 டன் வெடிமருந்தும் பஞ்சுப் பொதியும் ஒன்றாக ஏற்றியிருந்தார்கள். அந்தப் புத்தியை என்னவென்று சொல்ல! நாலு மணி சுமாருக்கு முதல் வெடி, அரை மணிக்குள் இன்னொன்று. தீயணைக்கப் போனவர்களிலேயே 66 பேர் போனார்கள். யுத்த சென்சார் வேறு, விவரம் வெளியே வரவே நாளாயிற்று. கோடவுன் குமாஸ்தாவான தாத்தா வீடு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணி, பாட்டிக்கு விதவைக் கோலமாக நார்மடிப் புடவை கட்டிவிட்டார்கள்.

அம்மாவுக்கு அப்போது 14 வயது. ஒரு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டு மாமியை மெட்ராஸ் மெயிலில் ஏற்றிவிட தாதர் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். மூன்றாம் வகுப்புப் பெட்டி ஜன்னலில் தாத்தா. மீசை இல்லை. அவரும் இவளைப் பார்த்தார். மெதுவாக, சத்தம் வராமல், மர ஷட்டரை இறக்கிவிட்டார்.

அம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை. 71-ல், அதே 14 வயதில் இருந்த என் காதில்தான் முதல்முதலாகச் சொன்னாள். விளக்கில்லாத வீடு, அடுத்த அறையில் பாட்டி ஜபம் பண்ணிக்கொண்டிருந்தாள். மாமா படிப்பும் தன் கல்யாணமும் சர்க்கார் நஷ்டஈட்டில் நடந்தவை, அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்றாள் அம்மா. நான் நம்பவில்லை. பணத்தைப் பற்றி 14 வயதில் என்ன தெரியும்? பயந்திருப்பாள். ஒருவேளை அது வேறு யாரோவாகக்கூட இருந்திருக்கலாம்.

அதன்பிறகு பாட்டிக்குக் காபி கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்கும். 75-ல் பாட்டி போகும்வரை அப்படித்தான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பேத்தி, போனிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டாள்: "உங்க பாட்டிக்குத் தெரியாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. 54 வருஷம் நான் பொத்தி வைத்ததை ஒரு பொடிசு ஒரே கேள்வியில் தட்டிவிட்டதே என்று எரிச்சல்கூட வந்தது. அன்று ராத்திரிதான் குடை ஞாபகம் வந்தது. வாசல் கொக்கியில் தாத்தாவின் கறுப்புக் குடை தொங்குமே, மூங்கில் பிடி போட்டது. மழைக்காலத்துக்கு முன் பாட்டி அதை விரித்து, கம்பி கம்பியாகத் தேங்காயெண்ணெய் தடவுவாள், துரு ஏறாமல். கிழிந்த இடத்தில் கறுப்பு நூலால் தைப்பாள். யாரையும் எடுக்க விடமாட்டாள். செத்தவர் குடைக்கு வருஷா வருஷம் எதற்கு எண்ணெய்?

நீ ஒரு தடவை எடுத்தாய். 73-ல், பரீட்சைக்குக் கிளம்பும்போது கொட்டு மழை. பாட்டி பின்னாலேயே வாசல்வரை வந்து உன்னிடம் ஏதோ சொன்னாள். நீ பேசாமல் குடையைத் திரும்ப மாட்டிவிட்டு நனைந்துகொண்டே போனாய். நான் சமையலறையில் இருந்தேன், காதில் விழவில்லை.

என்ன சொன்னாள் கோமு? நன்றாக யோசித்து எழுது.

உன்,
ராஜி