தவளைதானே கொன்றது என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று நீ திருப்பிக் கொடுத்த ஹெல்பாய் காமிக்ஸ் புத்தகத்தை வீட்டுக்கு வந்துதான் பிரித்துப் பார்த்தேன். முதல் பாகம் முடிகிற இடத்தில் உன் பஸ் டிக்கெட் செருகியிருந்தது. ஆக, நாலில் ஒன்றைத்தான் படித்திருக்கிறாய். அதற்குள், "கொலை பண்ணது யாருன்னு எடுத்த எடுப்புலயே காட்டிட்டான், தவளை மாதிரி ஒண்ணு, இதுல என்னடா மர்மம்?" என்று டீக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாய். எனக்கு அந்த நேரத்தில் வாய் வராது என்று உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். மிச்சக் கதையையும் சொல்லிவிடப் போகிறேன், அப்புறம் திட்டாதே.

உனக்கு ஹெல்பாய் என்றால் 2004-ல் வந்த படம். நீ எடுத்துப்போனது அதற்குப் பத்து வருஷம் முந்தையது. 1994-ல் டார்க் ஹார்ஸ் கம்பெனி நாலு இதழாக வெளியிட்ட முதல் தொடர்கதை, 'சீட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்'. கதையும் படமும் மைக் மிக்னோலா. வசனம் மட்டும் ஜான் பைர்ன். சினிமாவிலும் ஹெல்பாயை வளர்த்த புரொஃபசர் சாகிறார், ரஷ்யச் சாமியார் ரஸ்புடின் வருகிறான், எல்லாம் சரி. ஆனால் புத்தகத்தில் வருகிற காவெண்டிஷ் மாளிகை சினிமாவில் கிடையாது. நீயோ அந்த மாளிகைக்குள் நுழைவதற்கு முன்னாலேயே புத்தகத்தை மூடிவிட்டாய். கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காராமல் வந்த மாதிரி.

சரி, கொலைக்கு வருவோம். அந்தப் புரொஃபசர் புரூட்டன்ஹோம் (எழுதுவதுதான் இப்படி, கூப்பிடுவது 'ப்ரூம்') ஆர்க்டிக் பயணம் போய்விட்டு நினைவெல்லாம் கலைந்துபோய்த் திரும்புகிறார். 1944 டிசம்பர் 23-ம் தேதி ராத்திரி, இங்கிலாந்தில் ஒரு இடிந்த சர்ச்சில் நெருப்புக்குள்ளிருந்து வந்து விழுந்த சிவப்புக் குழந்தையை, அதாவது ஹெல்பாயை, எடுத்து வளர்த்தவர். வளர்த்த பிள்ளையிடம் என்ன நடந்தது என்று முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் செத்துப்போகிறார். கொன்றது தவளை மாதிரி ஒன்று என்பதும் உடனே தெரிந்துவிடுகிறது. இதுவரைக்கும் நீ சொன்னது சரிதான்.

ஆனால் நீ கேட்க வேண்டிய கேள்வி வேறே. அந்தப் பயணத்துக்கு அவரோடு போனவர்கள் காவெண்டிஷ் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய முன்னோர் எலைஹு காவெண்டிஷ் கடலில் போய் வடக்கே எதையோ தேடினான். அவன் போன பிறகும் தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டு ஆம்பளைகள் அதே பனியைத் தேடிக் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள், திரும்பி வருகிறார்களோ இல்லையோ. ஒரு வீடு ஏன் இப்படித் தன் பிள்ளைகளையே அனுப்பிக்கொண்டிருக்கிறது? ஹெல்பாயும் அவன் கூட்டாளிகளான மீன்மனிதன் ஏப் சேப்பியனும், நெருப்பை வரவழைக்கிற லிஸ் ஷெர்மனும் அந்த வீட்டுக்குப் போகும்போது வயதான எம்மா காவெண்டிஷ் உட்கார்ந்து இந்தக் குடும்பக் கதையை நிதானமாகச் சொல்கிறார். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் எனக்கு அந்த இடம் வயிற்றைப் பிசைந்தது. அந்தம்மா காத்துக்கிடக்கிற பிள்ளைகள் ஏற்கெனவே அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறார்கள், மனுஷ உருவத்தில் இல்லை. நீ "தவளைதானே" என்று தள்ளிவிட்டுப் போனது யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளையை.

இன்னொன்று. எல்லாவற்றுக்கும் பின்னால் ரஸ்புடினைக் கொண்டுவந்து வைத்தது எனக்கு முதலில் மலிவாகத்தான் பட்டது, ஊரில் உள்ள கெட்டவன் பெயர் எல்லாம் கதைக்குள் வந்தாக வேண்டுமா என்று. பிறகு யோசித்தேன். அசல் ரஸ்புடினே ஒரு மாளிகையில் கொல்லப்பட்டவன்தானே. 1916 டிசம்பர், பெட்ரோகிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்), மொய்க்கா கால்வாய்க் கரையில் யூசுபோவ் அரண்மனை. நிலவறைக்குக் கூட்டிப்போய் விஷம் வைத்த கேக் கொடுத்தோம், அசையவில்லை, சுட்டோம் என்று கொன்ற பெலிக்ஸ் யூசுபோவே பிற்பாடு உட்கார்ந்து புத்தகம் எழுதினான். உடலை நெவா ஆற்றின் கிளையொன்றில் பனிக்கு அடியில் தள்ளினார்கள். யார், எங்கே, எப்படி என்று கொன்றவனே எழுதிவைத்த கொலை. உன் கணக்குப்படி அதில் மர்மமே இல்லை. ஆனால் இன்றைக்கும் அந்த நிலவறையில் மெழுகுப் பொம்மைகளை வைத்துக் காட்டுகிறார்கள், ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள். அப்படிச் செத்தவனை எடுத்து இன்னொரு மாளிகைக்குள் உட்காரவைத்ததில் மிக்னோலாவுக்கு ஒரு குறும்பு இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீ வேகவேகமாகப் புரட்டுகிற ஆள். அந்த மாளிகைப் பக்கங்களில் கொஞ்சம் நில். பாதிக் கட்டம் வெறும் கறுப்பு மை. சுவர் எங்கே முடிகிறது, ஆள் எங்கே ஆரம்பிக்கிறான் என்று தெரியாது. ஒரு கன்னத்தின் விளிம்பு, ஒரு கை, அவ்வளவுதான் வெளிச்சம். சண்டை நடுவில் திடீரென்று சம்பந்தமே இல்லாமல் ஒரு சின்னக் கட்டத்தில் ஏதோ ஒரு சிலையின் முகம் வரும், கண் ஒரு நொடி அங்கே போய்த் திரும்பும். சின்ன வயதில் இரும்புக்கை மாயாவி படித்தோமே, மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து கை மட்டும் கட்டத்துக்குள் மிதக்குமே, ஞாபகம் இருக்கிறதா? வரையாமல் விட்ட உடம்பைத்தானே பார்த்துக்கொண்டிருந்தோம். அதே வேலைதான் இங்கேயும்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஹெல்பாய் தன் வாயாலேயே துப்பறியும் கதை பாணியில் பேசிக்கொண்டே போகிற அந்த எழுத்துப் பெட்டிகள் எனக்குத் தொந்தரவுதான். படமே சொல்வதை எழுத்தும் சொல்கிறது. பின்னால் மிக்னோலா தானே எழுத ஆரம்பித்த கதைகளில் இந்தப் பேச்சு குறைந்துவிடுகிறது, நல்ல காரியம். ரஸ்புடினும் கடைசியில் கோயில் மைக் கிடைத்தவன் மாதிரி பேசித் தீர்க்கிறான். ஆனால் அவனை முதலில் வீழ்த்துவது ஹெல்பாய் இல்லை என்பதைக் கவனி. வீட்டுக்கு அடியில் தண்ணீருக்குள் இறங்கிப் போன ஏப், எலைஹுவின் ஆவி மேலே ஏறிய நிலையில் வந்து எறிகிற ஈட்டி அது. பிள்ளைகளைத் தின்ற கடனை அந்த வீட்டு மூதாதையே வந்து தீர்க்கிறான். அப்புறம் லிஸ்ஸின் நெருப்பில் மாளிகையே போய்விடுகிறது.

இதைத்தான் டீக்கடையில் சொல்ல நினைத்தேன், கூட இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் எல்லாம் மறந்துபோச்சு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பக்கம் வருகிறேன், புத்தகத்தோடு. உன் பஸ் டிக்கெட்டை நான் எடுக்கவில்லை, வைத்த இடத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
உன் மச்சான்